கரையேறிய கப்பல்காரரும் கடலில் எரிந்த கலமும்

பினாங்குத் தீவில், கார்ன்வாலிஸ் கோட்டையை ஒட்டிய கடற்கரை நடைபாதையில் மாலை நேரத்தில் உலவுவோரை, அவர்கள் கடலைப் பார்க்கும் பார்வையைக் கொண்டே இருவகையாகப் பிரித்துவிடலாம். ஒரு சாரார் கடலைக் காட்சியாகப் பார்க்கின்றனர். மற்றொரு சாரார் அதனைத் தாம் வேலை செய்த இடமாகப் பார்க்கின்றனர். இரண்டாம் சாரார் இன்று மிகச் சிலர். அவர்களுள் இருவர் மூவர் ஒரு பலகையில் அமர்ந்துவிட்டால், பேச்சு காலநிலையில் தொடங்கினாலும், விலைவாசியில் தொடங்கினாலும், இறுதியில் ஒரு கப்பல் விபத்தில் வந்து நிற்கும். தமிழ்நாட்டோடு தொடர்புடைய குடும்பத்தாராயின், அவ்விபத்து பெரும்பாலும் 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் வங்கக் கடலில் ‘சிதம்பரம்’ என்னும் பயணிகள் கப்பலில் மூண்ட தீயாகவே இருக்கும்.

இத்தகைய பேச்சில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விபத்தைப் பற்றிச் செய்தித்தாள் கேட்கும் முதற் கேள்வி, இறந்தவர் எத்தனை பேர் என்பது. கப்பலில் வேலை பார்த்தவர் கேட்கும் முதற் கேள்வி, “தீ எங்கே பிடிச்சது, நானா?” என்பது. இயந்திர அறையிலா, அடுக்களையிலா, பயணிகள் படுக்கும் தட்டிலா? எந்தக் கதவு மூடப்பட்டது, எது திறந்து கிடந்தது? காற்றுக் குழாய்களை யார் அடைத்தனர்? உயிர்காக்கும் படகுகளின் கயிறுகள் துருவேறாமல் ஓடினவா? இவ்வினாக்களை அவர்கள் கேட்பது இரக்கம் இன்மையாலன்று. அந்தக் கப்பலில் அந்த நேரத்தில் காவல் தம்முடையதாக இருந்திருப்பின் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொருவரும் தமக்குள் எண்ணிப் பார்க்கின்றனர். அவ்வெண்ணத்திலிருந்தே பழைய வேலைநாள்களின் நினைவு கிளர்ந்தெழுகிறது. நம்மவர் கடற்பயண வரலாற்றை எழுத விரும்புவோர் இப்பேச்சைச் செவிமடுத்தல் வேண்டும். ஏனெனில், நூல்கள் கப்பல்களின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் குறித்து வைத்தன. கப்பலை ஓட்டியவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதின.

கலம் கவிழ்தல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. மணிமேகலையில் வரும் சாதுவன் கதையை ஆசிரியர் பலர் வகுப்பில் கற்பித்திருப்பர். சூதிலும் கணிகையிடத்தும் பொருளிழந்த வணிகன் அவன். வங்கம் ஏறிப் பொருள் தேடச் சென்றான். காற்றில் கலம் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கத்துக் கரையில் ஒதுங்கினான். நாம் ஆதிரையின் கற்பை விளக்குவதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அக்கதையில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. கலம் உடைந்தபோது தப்பி வந்தோர் புகாரை அடைந்து, சாதுவனும் இறந்தான் என்று சொல்லிவிடுகின்றனர். அச்செய்தி பிழையானது. அவன் உயிரோடிருந்தான்; பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் ஊர் திரும்பினான். விபத்தின் முதற் செய்தி பிழைபடும் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியபோதும் பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்றே முதலில் சில நாளிதழ்கள் அச்சிட்டன. கடலுக்கும் கரைக்கும் இடையே சொற்கள் மிதந்து வரும் வழி எக்காலத்தும் நம்பத்தக்கதாக இருந்ததில்லை.

சோழமண்டலக் கரையிலும் பினாங்கிலும் கடலோடிகள் நெஞ்சில் இடம்பெற்ற மற்றொரு விபத்துக் கதை, நாகூர் ஆண்டவர் சாகுல் அமீதைப் பற்றியது. நாவிதர் ஒருவர் அவருக்கு மழித்துக்கொண்டிருந்த வேளையில், கடலில் ஒரு கப்பலின் அடியில் ஓட்டை விழுந்து அது மூழ்கத் தொடங்கியது. அவர் நாவிதரின் கண்ணாடியை எடுத்து வீச, அது சென்று ஓட்டையை அடைத்தது என்பது அக்கதை. கப்பலை டச்சுக்காரருடையது என்று சொல்வோரும் உண்டு, வேறு நாட்டாருடையது என்று சொல்வோரும் உண்டு. இக்கதையை நம்புவதும் நம்பாமையும் அவரவர் உரிமை. ஆனால் கப்பல்காரர் ஒருவர் இதனைக் கேட்கும்போது முதலில் கவனிப்பது, ஓட்டையை உரிய நேரத்தில் அடைத்தார் என்பதையே. பினாங்கு நகரில் சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஓர் அடக்கத்தல வடிவக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. சிங்கப்பூரில் அதுபோன்ற கட்டடம் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. ஆண்டவரின் உடல் அடங்கிய இடம் நாகூர். கடல் கடந்த துறைகளில் இருப்பவை அவர் நினைவுக்காக எழுப்பப்பட்டவை. வங்கக் கடலைத் தாண்டிக் கரை சேர்ந்தவன் நன்றி செலுத்த ஓர் இடம் கேட்டான் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கைக்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதிய அறிக்கையில், சோழமண்டலத் துறைகளிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ 1,000 பேர் இங்குக் குடியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வந்து, வாணிகமும் கூலி வேலையும் செய்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு திரும்புவதாகவும் குறித்துள்ளார். தீவில் ஆங்கிலக் கொடி ஏறி ஒரு தலைமுறை கூட ஆகாத காலத்தில் இவ்வளவு போக்குவரத்து நடந்தது என்றால், அது புதிதாகத் தோன்றியதாக இருத்தல் இயலாது. எதிர்க்கரையிலுள்ள கெடாவே நம் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் கடாரம் எனப்படுவது. பழைய வழியில் புதிய துறை ஒன்று முளைத்தது, அவ்வளவே.

பாய்க்கப்பல் காலத்தில் காற்றே பஞ்சாங்கம். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது கிழக்கு நோக்கி ஓடுதல். வடகிழக்கு வாடை வீசும்போது மேற்கு நோக்கித் திரும்புதல். ஐப்பசி கார்த்திகையில் சோழமண்டலக் கரை புயலுக்கு இரையாகும் காலம் என்பதால், அக்காலத்தில் அக்கரையில் கலம் நிற்பதே ஆபத்து. இக்கணக்கைப் பிழையாகப் போட்டவன் கணக்கைத் திருத்திக்கொள்ளத் திரும்பி வந்ததில்லை. அவ்வாறு எங்கோ கணக்குத் தவறிய கலமொன்றின் எச்சம் என்று கருதத்தக்க பொருள் ஒன்று நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவத் தொண்டர், 1836ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாவோரி மக்கள் சிலர் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக ஒரு வெண்கல மணியின் மேற்பகுதியைப் பயன்படுத்துவதைக் கண்டார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டார். அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் இருந்தன. முகைதீன் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலின் மணி அது என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். இன்று அம்மணி வெலிங்டன் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கப்பல் தானே அங்குச் சென்றதா, மிதந்து போன கட்டையோடு மணி மட்டும் ஒதுங்கியதா என்று அறிஞர் பலவாறு கருதுவர். தமிழ் முசுலிம் கப்பலோடிகள் தம் கலத்தின் மணியில் தம் எழுத்தைப் பொறித்தனர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். தமிழாசிரியர்க்கு இது சுவையாகவும் இருக்கும். கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, மீகாமன், நாய்கன் என்பன நம் பழைய நூல்களில் பயில்வன. ஆனால் கப்பலில் வேலை செய்தவர் வாயில் பயின்ற சொற்கள் பல துறைமுகங்களின் கலப்பில் பிறந்தவை. ‘மாலுமி’ என்பதை நாம் தூய தமிழ்ச் சொல்லென்று எண்ணிக் கட்டுரைகளில் எழுதிவிடுகிறோம். அஃது அரபு மொழியில் ஆசிரியனைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் சொல்லின் திரிபு. வழி காட்டிக் கப்பலைச் செலுத்துவோனுக்கு ஆசிரியன் என்ற பெயர் வந்தது. மலாயர் அதே சொல்லை ‘மாலிம்’ என்று வழங்கினர். சுக்கான் பிடிப்பவன் சுக்காணி. அதுவும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. மாலுமிகளின் தலைவன் ‘சாரங்கு’, இது பாரசீகம். அவனுக்கு அடுத்தவன் ‘தண்டல்’. மலாயில் ‘தண்டில்’ என்றாகிப் பின்னர்க் கரையில் கூலியாள்களை மேய்ப்பவனுக்கும் பெயராயிற்று. கப்பலில் சமைப்பவன் பண்டாரி. மேல்தட்டில் கயிறும் பாயும் கையாள்பவன் கலாசி, மலாயில் ‘கெலாசி’. ஆங்கிலேயர் இவர்களையெல்லாம் ஒரே சொல்லில் ‘லாஸ்கர்’ என்றனர். பாரசீகத்தில் படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்பதே அது.

நாம் பெற்ற கடனுக்கு ஈடாக நாம் கொடுத்ததும் உண்டு. ‘கப்பல்’ என்னும் நம் சொல்லே மலாயில் ‘காப்பால்’ என்று நிலைபெற்றது. வானூர்தியை மலாயில் ‘காப்பால் தெர்பாங்’, அதாவது பறக்கும் கப்பல், என்கின்றனர். பினாங்கு விமான நிலையத்தில் இறங்கும் தமிழர் ஒவ்வொருவரும் தம் முன்னோர் சொல்லிலேயே வந்திறங்குகின்றனர் என்று ஆசிரியர்கள் மாணவரிடம் சொல்லலாம். அவர்கள் சிரித்தாலும் மறக்கமாட்டார்கள்.

பழைய மலாக்காவின் கடற்சட்டம், நகோடா, மாலிம், சுக்கான் பிடிப்போன் ஆகியோரின் அதிகாரத்தை வரையறுத்தது. புயலில் கலத்தின் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், நகோடா கப்பலிலுள்ள வணிகரைக் கூட்டிக் கலந்து பேசுதல் வேண்டும். இழப்பை அவரவர் சரக்கின் அளவுக்கேற்பப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும் என்று அது விதித்தது. விபத்து என்பது ஒருவன் தலைவிதியன்று, கலத்தில் உள்ளார் அனைவரும் பங்கு கொள்ள வேண்டிய பொறுப்பு என்னும் இக்கருத்து 15ஆம் நூற்றாண்டிலேயே இந்நீரிணையில் எழுத்தில் இருந்தது. நீராவிக் காலம் வந்தபோது இந்தப் பங்கீடு மாறியது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் உயிர்ச் செய்தி.

1856இல் கல்கத்தாவில் தொடங்கிய ஒரு கப்பல் கும்பினி 1862 முதல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கும்பினி என்று பெயர் பெற்றது. நம் மக்கள் ‘பி.ஐ.’ என்றழைத்தது இதனையே. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்னும் வழி இதன் கைக்குள் வந்தது. மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவர 1907இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டபின் பயணச்செலவு நிதியிலிருந்து கிடைத்தது. கப்பல்கள் நிறைந்து வந்தன. இதே காலத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கும்பினியைத் தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை வாங்கி, கொழும்பு வழியில் அதே பி.ஐ. கும்பினியோடு போட்டியிட்டார். அவர் 1908இல் சிறைப்பட்டதும் கும்பினி நொடித்ததும் தமிழுலகம் அறிந்தவை.

1926இல் இவ்வழிக்கென்றே ‘ரஜூலா’, ‘ரோனா’ என்னும் இரட்டைக் கப்பல்கள் கட்டப்பட்டன. ஒன்று கிளாஸ்கோவிலும் மற்றொன்று டைன் ஆற்றங்கரையிலும் பிறந்தன. ரஜூலா தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட தட்டுப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. 9,000 டன்னுக்கும் குறைந்த கப்பலில் ஐயாயிரம் பேர் என்பதை ஆசிரியர்கள் மனக்கண்ணில் பார்க்கவேண்டும். நடுத்தரமான ஒரு சிற்றூர் முழுவதும் பாயும் தலையணையும் தகரப்பெட்டியுமாக எழுந்து வந்து இரும்புத் தரையில் படுத்துக்கொண்டது போல் இருக்கும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணையும் ஆழமில்லை. படகிலேறிச் சென்று, அலையில் படகு உயரும் நொடி பார்த்து ஏணியைப் பற்றவேண்டும். பினாங்கில் இறங்குமுன் தட்டுப் பயணிகள் பலர் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புக்காகத் தங்கவைக்கப்பட்டனர். முதல் வகுப்பாரை அம்மை நோய் அணுகாது என்று யார் எண்ணினார்களோ தெரியவில்லை!

டைட்டானிக் விபத்துக்குப்பின் 1914இலும், பின்னர் 1929இலும், கடலில் உயிர்ப்பாதுகாப்பைப் பற்றி உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. உயிர்காக்கும் படகு ஒவ்வொருவருக்கும் இருத்தல் வேண்டும் என்பது அதன் உள்ளக்கருத்து. ஆனால் இரும்புத் தரையில் படுத்துச் செல்லும் கிழக்குலகப் பயணிகளின் கப்பல்களுக்கு அவ்விதிகளின் முழு அளவிலிருந்து விலக்களிக்க வழி செய்யப்பட்டது. அவற்றுக்கென 1931இல் ‘சிம்லா விதிகள்’ என்னும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. புனித யாத்திரைக் கப்பல்களும் நம் மலாயாக் கப்பல்களும் இவ்வகையின. படுக்கைச் சீட்டு வாங்க முடிந்தவனுக்கு ஓர் அளவு, பாய் விரித்தவனுக்கு வேறோர் அளவு. மாலுமிகளுக்கும் இவ்வாறே. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலக் கப்பலில் வெள்ளை மாலுமிக்குத் தங்குமிடமாக 120 கன அடி வேண்டும் என்றது. இந்திய மாலுமிக்கு 36 கன அடி போதும் என்று விடப்பட்டது. ஊதியமும் வெள்ளையர் பெற்றதில் மூன்றிலொரு பங்கு, நான்கிலொரு பங்கு என்ற அளவிலேயே இருந்தது. முதல் உலகப்போர் தொடங்கியபோது ஆங்கில வணிகக் கப்பல்களில் 50,000க்கு மேற்பட்ட இந்திய மாலுமிகள் வேலை செய்தனர் என்பதைச் சேர்த்து எண்ணினால், அந்த வாணிகம் எவர் முதுகின் மேல் நின்றது என்பது விளங்கும்.

வேலையோ, நான்கு மணி நேரக் காவல், எட்டு மணி நேர ஓய்வு என்று ஏட்டில் எழுதியிருக்கும். நிலக்கரிக் கப்பலில் உலையருகே நின்றவனுக்கு அந்நான்கு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது ஏட்டில் எழுதியவனுக்குத் தெரியாது. மேல்தட்டுக் கலாசிக்கு விடியற்காலையில் தட்டைக் கழுவுதல். பின்னர்த் துருச் சுரண்டுதல், சாயம் பூசுதல், கயிறு முறுக்குதல். சாரங்கு ஊரிலிருந்து ஆள் சேர்த்து வருபவன் ஆதலால், கப்பலில் அவன் சொல்லே சட்டம். ஊரில் அவனுக்குக் கடன்பட்ட குடும்பங்கள் இருக்கும். இக்கொடுமைகளைச் சொல்லும் முதியவர்களே, அதே மூச்சில், நள்ளிரவில் சுமத்திராவின் முனையிலுள்ள விளக்கு கண்ணில் பட்டதும் பினாங்கு அண்மிவிட்டது என்று பண்டாரி தேநீர் போட்டுக் கொடுப்பதையும் சொல்வார்கள். இரண்டும் உண்மையே.

பினாங்குத் துறைமுகம் போரையும் கண்டிருக்கிறது. 1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியலில், ‘எம்டன்’ என்னும் செர்மானியப் போர்க்கப்பல், பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கப்பல் போலத் தோன்றித் துறைக்குள் நுழைந்து, ‘செம்சுக்’ என்னும் உருசியக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ‘மூஸ்கே’யையும் அழித்தது. இறந்த உருசிய மாலுமிகளின் கல்லறைகள் இன்றும் இத்தீவிலும் ஜெரஜாக்கிலும் உள்ளன. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், எம்டன் சென்னையைச் சுட்டது. ஏமாற்றுக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று தமிழர் சொல்வதில் அந்தப் பொய்ப் புகைபோக்கியின் நிழல் இருக்கிறது.

ஆயினும் நம் வழியில் ஓடிய கப்பல்களுக்கு நேர்ந்த பெருங்கேடு பினாங்குக்கு மிகத் தொலைவில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரில் ரோனா படைவீரரை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1943 நவம்பர் 26ஆம் நாள், மத்தியதரைக் கடலில், அல்சீரியக் கரைக்கு அப்பால், செர்மானிய வானூர்தி ஒன்று வானொலி அலையால் செலுத்திய குண்டு அதனைத் தாக்கியது. 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர். போர்க்காலக் கமுக்கம் காரணமாக இச்செய்தி பல்லாண்டு வெளிப்படவில்லை. கப்பலிலிருந்த இந்தியப் பணியாளர் இருநூறுக்குக் கிட்டியவர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. தப்பிய வீரருள் சிலர், மாலுமிகள் அஞ்சிப் படகுகளை விட்டோடினர் என்று பின்னர்க் குறை கூறினர். படகுகள் பல குண்டடியில் சிதைந்தன; எஞ்சியவற்றுள் சில துருப்பிடித்துத் தொங்குதடியிலிருந்து இறங்கவில்லை என்றும் அதே வீரர்களே கூறியுள்ளனர். இவ்விரு கூற்றுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், பழியை எவர்மேல் சுமத்துவது எளிதோ அவர்மேல் சுமத்தினர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலமும் அறியாது, தம் பக்கத்தைச் சொல்ல எழுத்தும் அறியாது, உயிர் தப்பிய கலாசி அடுத்த கப்பலில் வேலைக்குச் சென்றுவிட்டான்; அவன் வாக்குமூலத்தைக் கேட்டு நூல் எழுதுவார் எவருமில்லை. அப்போரில் இறந்த 6,000க்கு மேற்பட்ட இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் எழுதப்பட்ட ஏடு பம்பாயில் ஒன்றும் சிட்டகாங்கில் ஒன்றுமாக வைக்கப்பட்டிருக்கிறது. கடலில் மாண்டவனுக்குக் கல்லறை இல்லை. ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.

இரட்டையருள் மற்றொன்றான ரஜூலா போரில் தப்பியது. 47 ஆண்டுகள் ஓடி, 1973இல் இந்தியக் கப்பற் கழகத்துக்கு விற்கப்பட்டு, ‘ரங்கட்’ என்று பெயர் மாறி, 1974இல் உடைக்கப்பட்டது. இவ்வளவு காலம், இவ்வளவு மக்களைச் சுமந்து, பெருவிபத்தின்றி ஓடிய கப்பலைப் பற்றி நாம் எழுதியது எவ்வளவு? பாதுகாப்பாகக் கரை சேர்ந்த பயணம் செய்தியாவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் விளக்கெண்ணெயும் கந்தைத்துணியுமாகக் கப்பி கயிறுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவனின் உழைப்பு, ஒன்றும் நேராமையாகவே வெளிப்படுகிறது. நேராத ஒன்றை வரலாற்றாசிரியன் எப்படிக் குறிப்பான்?

ரஜூலாவின் இடத்தைப் பிடித்ததே சிதம்பரம். பிரான்சில் டன்கர்க் துறையில் கட்டப்பட்டு, 1966 முதல் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் தென்னமெரிக்க வழியில் ஓடிய கப்பல் அது. இந்தியக் கப்பற் கழகம் 1972இல் அதனை வாங்கிப் பெயர் மாற்றியது. தில்லையம்பதியின் பெயரும், பி.ஐ. கும்பினியை எதிர்த்துக் கப்பலோட்டியவரின் பெயரும் ஒன்றே ஆதலின், அக்கும்பினியின் பழைய வழியில் அப்பெயர் தாங்கிய கப்பல் பினாங்கில் நங்கூரமிட்டபோது தமிழர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ரஜூலாவில் தரையில் படுத்தவர்களின் பிள்ளைகள் இதில் படுக்கையில் படுத்தனர்.

அக்கப்பலில்தான் 1985இல், மலேசிய, சிங்கப்பூர்த் துறைகளிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் வழியில், தீ பிடித்தது. 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையிலுள்ளோர்க்குச் சுற்றிலும் நீர் இருக்கையில் கப்பல் எப்படி எரியும் என்று தோன்றும். கப்பல்காரர் மூழ்குதலைவிடத் தீயையே பெரிதும் அஞ்சுவர். கரையில் வீடு எரிந்தால் வெளியே ஓடலாம். கப்பலில் வெளியே என்பது கடல். இரும்புச் சுவர் வெப்பத்தை அடுத்த அறைக்குக் கடத்தும். தீ தாவாத இடத்திலும் சுவரில் பூசிய சாயம் பற்றிக்கொள்ளும். இறப்போரிற் பலர் தீயால் அன்று, புகையால் இறப்பர். இருண்ட நடைவழிகளில் ஏணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் திகைப்பர். நீரை மிகுதியாக இறைத்தாலோ, மேல்தட்டுகளில் தேங்கிய நீரே கப்பலைச் சாய்த்துவிடும். 1942 பிப்ரவரியில் நியூயார்க்குத் துறையில் ‘நார்மண்டி’ என்னும் பெருங்கப்பல் தீயணைக்க இறைத்த நீராலேயே கவிழ்ந்தது. இயந்திர அறையில் தீயெனில், கதவுகளையும் காற்றுவழிகளையும் அடைத்துக் கரியமில வளியைச் செலுத்தவேண்டும். ஆனால் அடைக்குமுன் உள்ளே இருப்பவர் எல்லாரும் வெளியேறினரா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கதவை அடை என்று ஆணையிடும் நொடி கப்பல் வாழ்க்கையிலேயே கொடிய நொடி என்பர். 1965இல் ‘யார்மத் காசில்’ என்னும் அமெரிக்க வழிக் கப்பல் எரிந்து ஏறத்தாழ 90 பேர் இறந்தபின், பயணிகள் கப்பல்களில் எரியும் பொருள்களைக் குறைக்கும் விதிகள் உலக அளவில் இறுக்கப்பட்டன. கடல் விதிகளின் ஒவ்வொரு பக்கமும் ஒரு விபத்துக்குப் பின்னரே எழுதப்பட்டது என்பது அத்தொழிலார் அனைவரும் அறிந்த செய்தி.

சிதம்பரம் அதன்பின் பயணிகளை ஏற்றவில்லை, பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வேறு கப்பல் வரவில்லை. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே, பாய்க்கப்பல் காலந்தொட்டு நடந்த மக்கள் போக்குவரத்து கடலில் அற்றுப்போயிற்று. விபத்து மட்டுமே அதற்குக் காரணம் என்றல் பொருந்தாது. வானூர்திச் சீட்டு எட்டும் விலைக்கு வந்துகொண்டிருந்தது; வேலைக்கு வருவோர் தொகை 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதைத் தடுத்தது முதலே குறைந்திருந்தது; குடிநுழைவுச் சட்டங்களும் இறுகின. விழ இருந்த மரத்தை விபத்து சாய்த்தது. அதே 1985இல்தான் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. தோணி வேலையாள்களுக்கும் இறக்குமதிச் சரக்கைச் சுமந்தவர்களுக்கும் அதற்கு முன்பே வேலை சுருங்கத் தொடங்கியிருந்தது. 1969இல் தீவு வரியில்லாத் துறைமுகம் என்னும் நிலையை இழந்தது, சரக்குப் பெட்டகங்கள் வந்தபின் பெருங்கப்பல்கள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்தை நாடின.

இன்று சுவெட்டன்ஹாம் துறைமேடையில் உல்லாசப் பயணக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. 1904இல் கட்டப்பட்ட அம்மேடைக்கு நிலக்கரிப் புகையும் தெரியும், நறுமண விளக்குகளும் தெரியும். நடைபாதையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் அவற்றின் உயரத்தைப் பார்த்து, “இவ்வளவு பெரிய கப்பல்லே படகுப் பயிற்சிக்கு எத்தனை நிமிசம் ஆகும்?” என்று தமக்குள் கணக்கிடுகின்றனர். ஆசிரியர் எவரேனும் தம் மாணவரை அழைத்துச் சென்று அவர்களிடம் உட்காரவைத்து, கயிறு முடிச்சுகளின் பெயர்களையும் காற்றுகளின் பெயர்களையும் தட்டுகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளச் செய்வாராயின், அகராதிகளில் ஏறாத சொற்கள் சில கிடைக்கும். நாகூர்க் கந்தூரிக்குக் கொடியேறும் நாளில் சூலியா வீதிக்குச் சென்றால் அவர்களைக் காணலாம். கொடிமரத்தைப் பாய்மரம் போல் கயிறிட்டு நிறுத்துவர். அக்கயிறு சரியாக இறுகியிருக்கிறதா என்று ஓரத்தில் நிற்கும் கிழவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்ப்பார்.